கேக்கை வாங்கிக்கொள்கிறார்கள், சாப்பிடுகிறார்களா? – வாசகர் கேள்வி பதில்

பக்கத்து வீட்டார், விருந்து, நற்செய்தி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்ட கடிதங்களை இந்த மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அடுப்படியில் ஆரம்பிக்கும் கேள்விகள்தான். ஆனால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கின்றன: வீட்டுக்கு வருகிறவரை விருந்தாளியாகப் பார்க்கிறோமா, வலையில் விழவேண்டிய மீனாகப் பார்க்கிறோமா?

கேள்வி: எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் கேக்கும் பிரியாணியும் கொடுத்தனுப்புகிறோம். சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் சில வீடுகளில் அப்படியே வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்கள் என்று தெரியவந்தது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என்னதான் கொடுப்பது? – வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்களை மதிக்காமல் அப்படிச் செய்யவில்லை. நாள்தான் இடிக்கிறது. கார்த்திகை முதல் தேதி, அதாவது நவம்பர் 16 அல்லது 17-ல், சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களின் 41 நாள் விரதம் டிசம்பர் 26, 27 வாக்கில்தான் மண்டல பூஜையோடு முடிகிறது. கிறிஸ்துமஸ் அன்று அந்த விரதம் கடைசிக் கட்டத்தில் இருக்கும். மாலை போட்டவர் மட்டுமல்ல, அவருக்காக வீடே கவிச்சி சேர்க்காமல் இருக்கும். டிசம்பர் பாதியில் மார்கழியும் பிறந்துவிடும். வைகுண்ட ஏகாதசி பெரும்பாலும் இந்த வாரங்களை ஒட்டித்தான் வரும்; அன்று பலர் சோறே தொடமாட்டார்கள். சுடச்சுட மட்டன் பிரியாணியை நீட்டினால் அவர்கள் என்னதான் செய்வார்கள்? வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

அதனால் டிசம்பர் இரண்டாம் வாரமே வாசலில் பார்க்கும்போது கேட்டுவிடுங்கள். "இந்த வருஷம் வீட்டில் யாராவது மாலை போட்டிருக்காங்களா? கேக்கில் முட்டை இருந்தா சேர்ப்பீங்களா?" இந்த இரண்டு கேள்வி போதும். மாலை போட்டிருக்கும் வீட்டுக்குச் சமைத்தது எதுவும் அனுப்ப வேண்டாம். வெளியில் சமைத்ததை விரதக்காரர்கள் பலர் சாப்பிடுவதில்லை. ஒரு சீப்பு பழம், ஆரஞ்சு, பேரீச்சம்பழம் கொடுங்கள். அவர் மலைக்குப் போய் வந்தபிறகு, பொங்கல் வாக்கில், பலகாரத்தோடு ஒருமுறை போய்வாருங்கள்.

பாத்திரத்தையும் கவனியுங்கள். கறி வெந்த பாத்திரத்தில் எத்தனை முறை கழுவிச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாலும் சில வீடுகளில் அது செல்லாது. சைவ வீடுகளுக்குப் புதுப் பாக்குமட்டைத் தட்டு அல்லது அட்டைப்பெட்டி நல்லது. ஜைனக் குடும்பம் என்றால் முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போன்ற மண்ணுக்குள் விளைவதும் கூடாது; இருட்டியபிறகு பலர் சாப்பிடமாட்டார்கள், ஆகவே பகலிலேயே கொடுத்துவிடுங்கள். முஸ்லிம் வீட்டுக்குக் கறி அனுப்புவதானால் பாய் கடையில் வாங்கியதாக இருக்கட்டும், அதைச் சொல்லியும் கொடுங்கள். அதைவிட முக்கியம் கேக். ரம்மில் ஊறிய பழம் போட்ட பிளம் கேக்கை அவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. ஜெலட்டின் சேர்த்த மிட்டாய்களும் வேண்டாம். மூலம் எது என்று உங்களால் சொல்லமுடியாது.

மாலை போட்ட வீடு தவிர மற்ற எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே கேக் செய்ய வேண்டுமானால் இந்த அளவு சரியாக வரும். மைதா 200 கிராம், சர்க்கரை 150 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 250 மில்லி, வாசனையில்லாத எண்ணெய் 120 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உலர்பழம், முந்திரி எல்லாம் சேர்த்து 150 கிராம். பழத்தை முந்தின இரவே ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டு, காலையில் வடித்து, ஒரு கரண்டி மைதாவில் புரட்டிக்கொள்ளுங்கள். புரட்டாவிட்டால் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். தயிரையும் சர்க்கரையையும் கரையும்வரை அடித்து, பேக்கிங் பவுடர், சோடா இரண்டையும் அதில் கலந்து ஐந்து நிமிடம் விட்டால் நுரைத்து எழும்பும். உடனே எண்ணெய், பிறகு மைதா, கடைசியில் பழம். 170 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். கலந்த மாவை 'கொஞ்ச நேரம் கழித்து வைக்கலாம்' என்று விட்டீர்களானால் சோடாவின் வேகம் போய் கேக் பலகையாகிவிடும். மைதா போட்டபிறகு ரொம்ப அடித்தாலும் ரப்பர்தான். வெனிலா எசன்ஸ் பலவற்றில் ஆல்கஹால் இருப்பதால் ஏலக்காய் போடுங்கள். நம் நாக்குக்கு அதுவே பொருத்தம்.

கேள்வி: எங்கள் வாலிபர் சங்கத்தில் கேக் பொட்டலத்துக்குள் ஒரு கைப்பிரதியையும் வைத்துக் கொடுக்கிறோம். ஒரு மூத்தவர் அது கூடாது என்கிறார். நற்செய்தி சொல்லாமல் கேக் மட்டும் கொடுப்பதற்கு பேக்கரி போதுமே? – வாசகர், சென்னை

பதில்: மூத்தவர் சொல்வதுதான் சரி. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பொட்டலத்தைப் பிரிக்கிறவர் கேக்கை எதிர்பார்த்துப் பிரிக்கிறார். உள்ளே காகிதம் இருந்தால் கேக் அந்தக் காகிதத்தின் கூலி ஆகிவிடுகிறது. அடுத்த வருஷம் நீங்கள் வெறுங்கையோடு வந்து சிரித்தாலும் 'இதற்குப் பின்னால் என்ன இருக்கிறதோ' என்றுதான் அவருக்குத் தோன்றும். நீங்கள் உண்மையிலேயே அன்பாகக் கொடுத்ததையும் சேர்த்து அந்தக் காகிதம் கெடுத்துவிட்டது.

இது எங்கள் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. வத்திக்கானின் பல்சமய உரையாடல் பேரவை, உலகத் திருச்சபைகள் மன்றம், உலக நற்செய்திக் கூட்டணி ஆகிய மூன்றும் 2006-ல் பேச ஆரம்பித்து, 2011 ஜனவரியில் பாங்காக்கில் கூடி முடித்து, அந்த ஆண்டு ஜூனில் ஓர் ஆவணம் வெளியிட்டன. பல சமயங்கள் வாழும் உலகில் கிறிஸ்தவ சாட்சி எப்படி இருக்கவேண்டும் என்பதே அதன் பொருள். கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தேயினரும் ஒரே தாளில் சம்மதிப்பது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை. அதிலுள்ள பன்னிரண்டு நெறிகளில் சேவையைப் பற்றியது ஒன்று: பணமோ வெகுமதியோ காட்டி இழுப்பது கிறிஸ்தவ சேவையில் இடம்பெறக் கூடாது. இன்னொன்று, நோயில் இருப்பவரின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்கிறது. பிற சமயங்களைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஆனால் அதே ஆவணம், கிறிஸ்துவை அறிவிப்பது திருச்சபையின் இயல்பு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. நற்செய்தியை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதை ஒளித்துவைத்துக் கொடுக்காதீர்கள் என்பதுதான் பேச்சு.

சட்டமும் இதே கோட்டைத்தான் போடுகிறது. அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு ஒருவர் தம் மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. 1977-ல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவது ஓர் உரிமையாகாது என்று விளக்கியது. பல மாநிலங்களில் 'ஆசைகாட்டி' மாற்றுவதைக் குற்றமாக்கும் சட்டங்கள் இருக்கின்றன. அந்தச் சட்டங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவது உண்டு. அதற்காக உண்மையிலேயே ஆசைகாட்டுவது சரியாகிவிடாது.

பிறகு என்ன செய்யலாம்? உங்கள் குடும்பப் பெயர் எழுதிய வாழ்த்து அட்டை வையுங்கள். 'கிறிஸ்து பிறப்பு விழா நல்வாழ்த்துகள்' என்றே அதில் இருக்கட்டும், எதையும் மறைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் பந்தி போட்டால் வழக்கம்போல் வாய்விட்டு ஜெபித்துவிட்டுச் சாப்பிடுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டாமல். விருந்தாளிகளின் மனமாற்றத்துக்காக அவர்கள் காதுபடவே ஜெபிக்காமல். யாராவது "இயேசு பிறந்ததுக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?" என்று கேட்டால் அப்போது சொல்லுங்கள், தயங்காமல் சொல்லுங்கள். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்பது பேதுருவின் முதல் நிருபத்தில் (3:15) உள்ள வார்த்தை. கேட்கிறவர் முதலில் கேட்க வேண்டும். கைப்பிரதி கொடுக்க விருப்பமானால் வேறொரு நாளில், கைப்பிரதியாகவே, வேண்டாம் என்று சொல்ல இடம்விட்டுக் கொடுங்கள்.

கேள்வி: எதிர்வீட்டு மாமி நவராத்திரிக்குக் கொலு பார்க்க அழைக்கிறார். சுண்டல் கொடுப்பார், குங்குமம் வைப்பார். போகலாமா, சாப்பிடலாமா? பைபிள் என்ன சொல்கிறது? – வாசகி, திருச்சி

பதில்: போங்கள். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. சுண்டலைப் பற்றித்தான் சபைக்குச் சபை கருத்து மாறும்.

இந்தக் கேள்வி புதிதல்ல. கொரிந்து பட்டணத்தில் கடையில் விற்ற கறியில் கோயிலில் படைக்கப்பட்டது எது, படைக்கப்படாதது எது என்று பிரித்தறிய முடியாது. பவுல் மூன்று படியாகப் பதில் சொன்னார் (1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை). கடையில் விற்கிறதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள். விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்து, உங்களுக்கும் போக மனம் இருந்தால், முன்னால் வைக்கப்படுகிறதை விசாரிக்காமல் சாப்பிடுங்கள். ஆனால் 'இது படைக்கப்பட்டது' என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சியின் நிமித்தம் சாப்பிடாதேயுங்கள். கோயிலின் பலிப் பந்தியிலேயே போய் அமர்வது வேறு. அதை அவர் ஏற்கவில்லை.

மாமி வீட்டில் இது எப்படிப் பொருந்தும்? தட்டில் முறுக்கும் காபியும் வந்தால் அது விருந்து. சுண்டலைப் பலர் முதலில் நைவேத்தியம் செய்துதான் கொடுப்பார்கள். சிலர் அதற்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றதை விநியோகிப்பார்கள். உங்கள் மனச்சாட்சி இடம்கொடுத்தால் சாப்பிடுங்கள். கத்தோலிக்கர் பலரும் சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) ஒரு பகுதியினரும் அன்பாகக் கொடுத்ததை அன்பாகச் சாப்பிடுகிறார்கள். இடம்கொடுக்காவிட்டால் போன உடனேயே, தட்டு வருமுன், "மாமி, படைச்சது எங்க வழக்கத்துல சாப்பிடுறதில்லை, காபி கொடுங்க, அதுவே போதும்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டிலும் 'எங்க வழக்கத்துல இல்லை' என்று தினமும் நாலு விஷயத்துக்குச் சொல்கிறார்கள். அந்த வார்த்தை அவர்களுக்கு நன்றாகவே புரியும். குங்குமத்துக்கும் இதே பதில்தான். வெற்றிலை, பாக்கு, ரவிக்கைத்துணி, மஞ்சள் கிழங்கு வந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அது சுமங்கலிக்குச் செய்யும் மரியாதை.

செய்யவே கூடாதது ஒன்று: சிரித்துக்கொண்டே வாங்கிவந்து குப்பைத்தொட்டியில் கொட்டுவது. மாமி வீட்டுக் குழந்தை அதைப் பார்த்துவிட்டால் இருபது வருஷப் பழக்கம் அன்றோடு போய்விடும். சாப்பிட மனமில்லையென்றால் வாங்காதீர்கள், வாங்கினால் வீணாக்காதீர்கள். முதல் கேள்வி கேட்ட நாகர்கோவில் சகோதரியின் மனசு பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொலுவுக்குப் போனால் பாடச் சொல்வார்கள். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களில் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கரான அவர், எந்தச் சமயத்தாரும் சங்கடமில்லாமல் பாடும்படி கடவுளை நோக்கிப் பாடியவை அவை. கச்சேரி மேடைகளிலும் பாடப்படுகின்றன.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இயேசு எழுபது பேரை அனுப்பியபோது (லூக்கா 10) பையும் பணமும் இல்லாமல் அனுப்பினார். போகும் வீட்டில் தங்கி, அவர்கள் கொடுக்கிறதைச் சாப்பிடச் சொன்னார். அதாவது விருந்து கொடுக்க அல்ல, விருந்தாளியாக அனுப்பினார். நம் சபைகளில் கொடுக்கத் தெரிந்த அளவுக்கு வாங்கிச் சாப்பிடத் தெரியவில்லை என்பது எங்கள் ஆதங்கம்.

கேள்வி: கல்யாணத் திருப்பலிக்கு வந்த இந்து நண்பர்கள் நற்கருணை வரிசையில் நின்றுவிட்டார்கள். குருவானவர் கொடுக்கவில்லை. அவமானமாகப் போய்விட்டது. எப்படித் தவிர்ப்பது? – வாசகர், தூத்துக்குடி

பதில்: வரிசையில் நின்றவர்கள் பிரசாதம் என்று நினைத்து மரியாதையோடுதான் நின்றிருப்பார்கள். நற்கருணை, அதாவது திருப்பலியில் வழங்கும் அப்பம், திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு உரியது; குருவானவர் மீறிக் கொடுக்க முடியாது. தவறு அவரிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை. முன்கூட்டிச் சொல்லாமல் விட்டவர்களிடம் இருக்கிறது.

நற்கருணைக்குச் சற்று முன் ஒருவர் மைக்கில் இப்படிச் சொன்னால் போதும்: "இப்போது நற்கருணை வழங்கப்படும். திருமுழுக்குப் பெற்று, தகுந்த தயாரிப்போடு உள்ள கத்தோலிக்கர்கள் மட்டும் முன்வரும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்களோடு இந்த நாளைக் கொண்டாட வந்திருக்கும் நண்பர்கள் இருக்கையில் அமர்ந்தபடியே மணமக்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்." 'மற்றவர்கள் வரக்கூடாது' என்ற வாக்கியம் வரவே வேண்டாம். அதையும் மீறி ஒருவர் வந்து நின்றால் தலையில் கைவைத்து ஆசி கூறி அனுப்பலாம். பல பங்குகளில் இது வழக்கம், ஆனால் முதல் நாளே குருவானவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு ஒரு தொண்டர் நிற்பது இன்னும் நல்லது. வந்தவர் பெஞ்சில் முழங்காலிடவோ எழுந்து நிற்கவோ தெரியாமல் தடுமாறாமலிருக்க, பக்கத்தில் உறவினர் ஒருவரை உட்கார வையுங்கள்.

கேள்வி: பங்கு மண்டபத்தில் முஸ்லிம் அயலாருக்கு இஃப்தார் விருந்து வைக்க நினைக்கிறோம். ஐம்பது பேர் வருவார்கள். என்னென்ன கவனிக்க வேண்டும்? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: முதலில் பள்ளிவாசல் ஜமாஅத் பெரியவர்களிடம் போய்ச் சொல்லி, நாள் குறித்துக்கொள்ளுங்கள். ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 2026-ல் சாம்பல் புதனும் ரமலான் தொடக்கமும் ஒரே வாரத்தில் வருகின்றன. தவக்காலத்தில் வைத்தால், குறிப்பாக வெள்ளிக்கிழமை என்றால், நம்மவர்களும் இறைச்சி தொடாத நாள். ஆகவே முழுச் சைவமாகவே வைத்துவிடுங்கள். ஹலால் பற்றிய கவலையும் தீர்ந்தது.

நோன்புக் கஞ்சிக்கு ஐம்பது பேருக்கு அரிசி நொய் 2 கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ, வெந்தயம் இரண்டு மேசைக்கரண்டி, தேங்காய் நாலைந்து, வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி முக்கால் கிலோ, புதினா, மல்லி இரண்டிரண்டு கட்டு. நோன்பு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறக்கிவிடுங்கள். ஆற ஆறக் கஞ்சி இறுகும். ஐந்து லிட்டர் வெந்நீர் பக்கத்திலேயே இருக்கட்டும். கடைசிக் கால் மணி நேரம் தீயைக் குறைத்துக் கிளறாவிட்டால் நொய் அடிபிடித்துக் கஞ்சி முழுக்கத் தீய்ந்த வாசனை ஏறிவிடும், பிறகு காப்பாற்ற வழியில்லை. ஆளுக்கு மூன்று பேரீச்சம்பழம், தண்ணீர், வடை, பழத்துண்டு.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். சூரியன் மறைந்து பாங்கு சொல்லும் அந்த நிமிடத்தில் பேரீச்சம்பழம் கையில் இருக்க வேண்டும். பங்குப் பேரவைச் செயலர் வரவேற்புரையை நீட்டி முழக்கி, பாங்கு கேட்டபிறகும் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் அன்றைய விருந்து அவ்வளவுதான். பேச்சையெல்லாம் பாங்குக்குக் கால் மணி முன்பே முடித்துவிடுங்கள். நோன்பு திறந்தவுடன் மஃரிப் தொழுகை. பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பள்ளிவாசல் பக்கம் என்றால் அங்கேயே போய்வருவதைப் பலர் விரும்புவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மண்டபத்தில் தொழுவதானால் சுத்தமான பாய், உளூ செய்ய (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவ) குழாயடியில் தாழ்வான இருக்கை, பெண்களுக்குத் தனி இடம் வேண்டும். தொழும் திசை நம் ஊரிலிருந்து மேற்கு, சற்று வடக்கே சாய்ந்து. அந்தச் சுவரில் சுரூபமோ படமோ இல்லாத அறையாகப் பாருங்கள். அதற்காக மண்டபத்துச் சிலுவையைக் கழற்றி மறைக்க வேண்டியதில்லை. யார் வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்துதான் வருகிறார்கள். ஆலயத்துக்குள் தொழ அழைக்க வேண்டாம், அது இரு பக்கமும் சங்கடம்.

கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி வெந்த அண்டாவைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். வாடகைக்கு எடுத்தாலும் கேட்டு எடுங்கள்.

கேள்வி: மிஷன் பள்ளி, மிஷன் ஆஸ்பத்திரியில் எல்லோரையும் ஜெபத்தில் சேர்க்கலாமா? – வாசகர், வேலூர்

பதில்: பள்ளியைப் பொறுத்தவரை அரசியல் சாசனத்தின் 28(3) தெளிவு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், மாணவரின் சம்மதம், சிறுவரானால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல், வழிபாட்டிலோ சமய போதனையிலோ கட்டாயப்படுத்த முடியாது. சேர்க்கைப் படிவத்திலேயே தனி வரியாகக் கேளுங்கள். வேண்டாம் என்ற பிள்ளைக்கு அந்த நேரத்தில் நூலகம் திறந்திருக்கட்டும், வராந்தாவில் நிறுத்திவைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் நோயாளி படுத்திருக்கிறார், எழுந்து போகமுடியாது. அதனால் அங்கே இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டு, தலையசைத்தால் மட்டும் ஜெபியுங்கள். இரண்டு நிமிடம், மெதுவான குரலில், நோயாளியின் பெயரைச் சொல்லி, வைத்தியம் பார்ப்பவர்களையும் சேர்த்து. அனுமதியில்லாமல் தலையில் கைவைக்காதீர்கள். கழுத்தில் இருக்கும் தாயத்தையோ நெற்றித் திருநீற்றையோ எடுக்கச் சொல்லாதீர்கள். 'மாத்திரையை நிறுத்து, விசுவாசி' என்று சொல்வது உயிரோடு விளையாடுவது; அப்படிச் சொல்பவரை வார்டுக்குள் விடவே கூடாது. வேண்டாம் என்றவரிடமும் மறுநாள் அதே முகத்தோடு நலம் விசாரியுங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது ராத்திரி சத்தம் என்று புகார் வருகிறது. – வாசகர், மார்த்தாண்டம்

பதில்: புகார் நியாயம். 2000-ம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்காலத்துக்கு நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு ஆண்டில் 15 நாள்வரை அதிகாரம் உண்டு. அந்த அனுமதி உங்கள் பகுதிக்கு இருக்கிறதா என்று காவல் நிலையத்தில் கேளுங்கள். அனுமதி இருந்தாலும் ஸ்பீக்கர் பெட்டி வண்டியை விட்டுவிட்டு ஒரு கிட்டார், ஒரு தபேலாவோடு நடந்து போனால் பாட்டு காதில் விழும். பெயர் கொடுத்த வீடுகளுக்கு மட்டும் போங்கள். பிற சமயத்தார் வீட்டில் காணிக்கை உறையை நீட்டாதீர்கள்.

கேள்வி: ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்கு (சபையின் பொது விருந்துக்கு) ஊரையே அழைக்கிறோம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிப் பந்தி வைக்கலாமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: தனி அடுப்பு வையுங்கள். தனிப் பந்தி வேண்டாம்.

சைவத்துக்குத் தனிச் சமையற்காரர், தனிக் கரண்டி, தனி அண்டா. காற்றில் கறி வாசம் வராத பக்கம் அடுப்பு. நூறு இலைக்கு அரிசி 11, 12 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு இரண்டரைக் கிலோ என்ற கணக்கு போதும். நூற்றுக்கு எத்தனை பேர் சைவம் என்று முன்கூட்டி எண்ண முடியாவிட்டால் சாம்பார், கூட்டு, பாயசத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்து, கறிக்குழம்பை மட்டும் கடைசியாக இலை இலையாகக் கேட்டுக்கேட்டு ஊற்றுங்கள். கரண்டி மாறிப்போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சாம்பார் வாளிக்காரரும் கறி வாளிக்காரரும் வேறு வேறு நிறத் துண்டு கட்டியிருந்தால் மாறாது.

பந்தியைப் பிரித்தால் நடப்பது வேறு. சைவப் பந்தி என்று போட்ட இடத்தில் கறி சாப்பிடுகிற பெரிய வீட்டார் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அங்கே நாற்காலி வரும், வாழையிலை வரும். இந்தப் பக்கம் தரையும் பேப்பர் தட்டும். சைவம் என்ற பெயரில் சாதி வந்து உட்கார்ந்துவிடும். தமிழ்த் திருச்சபைக்கு இது பழைய வியாதி. 1833-ல் கல்கத்தா பேராயர் டானியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை உடனடியாக விட்டொழிக்க வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள், சாதியை விடவில்லை. அதற்கும் முன்னால் அந்தியோகியாவில் பேதுருவே யூதரல்லாத விசுவாசிகளின் பந்தியிலிருந்து விலகி உட்கார்ந்தார். பவுல் எல்லோர் முன்னிலும் அவரைக் கண்டித்தார் (கலாத்தியர் 2). ஊராரை அழைத்துவிட்டு அவர்கள் கண்முன்னே நம் தலித் சகோதரரைக் கடைசிப் பந்திக்குத் தள்ளினால், மேடையில் யார் என்ன பிரசங்கம் செய்தாலும் ஊர் இலையைத்தான் பார்க்கும். வருகிற வரிசையில் உட்கார்த்துங்கள். பரிமாறுவதற்கும் சமைப்பதற்கும் எல்லாக் குடும்பங்களிலிருந்தும் ஆள் போடுங்கள். சமையலில் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் இந்தக் காரியம் பாதி நிற்கிறது.

கேள்வி: பழைய மிஷனரிகள் இந்துக்களை வெறுத்தார்கள் என்கிறார்களே? – வாசகர், மயிலாடுதுறை

பதில்: வெறுத்தவர்களும் உண்டு, உட்கார்ந்து கேட்டவர்களும் உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரல்வைத்துத் தமிழ் எழுத்துப் படித்தார். 1712 முதல் 1714 வரை தமிழ் அறிஞர்களிடம் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய 99 பதில் கடிதங்களை ஜெர்மன் மொழிக்கு மாற்றி, அவருடைய மிஷனுக்கு ஆதரவு தந்தவர்கள் இருந்த ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். 'உங்கள் தெய்வங்கள் யார், உங்கள் பள்ளிக்கூடம் எப்படி, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்ற ரீதியில் கேள்விகள். பதிலில் ஐரோப்பியரின் குடியையும் ஒழுக்கக்கேட்டையும் தமிழர்கள் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள். அவர் அதையும் சேர்த்தே அனுப்பினார்.

1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி முடித்த நூலை ஹாலேயில் அச்சிடவில்லை. மிஷனரியின் வேலை அஞ்ஞானத்தை அழிப்பதுதான், அதை ஐரோப்பாவில் பரப்புவதல்ல என்பது அங்கிருந்தவர்களின் எண்ணம். 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. சீகன்பால்க் தம் கொள்கையில் அசையாதவர், சிலை வணக்கத்தைக் கடுமையாகவே கண்டித்தவர். ஆனாலும் கேட்டுவிட்டுப் பேசினார்.

'அஞ்ஞானி' என்ற அந்தச் சொல் இன்றும் சில சபை அறிவிப்புகளில் வருகிறது. 'புறஜாதியார்', 'இருளில் இருப்பவர்கள்' என்பவையும் அப்படியே. கல்யாணத்துக்கும் அசனத்துக்கும் வந்திருப்பவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். 'பிற சமய நண்பர்கள்' என்று மாற்றி எழுதிக்கொடுங்கள். அறிவிப்பு வாசிக்கிறவரிடம் ஞாயிறு காலையில் அல்ல, சனிக்கிழமையே.